ஆரணியின் இன்சுலின் பை

1

கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு எங்களை அழைத்துப்போக வரும் நீங்கள், தள்ளுவண்டியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அதில் பிழையில்லை. சொக்லேட்டும் சோப்பும் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. என் மகள் ஆரணி தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு வரும் நீலநிறச் சின்னப் பையை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் பயணங்களில் மிகப் பாரமான சாமான் அதுதான்.

இந்த முறை அவள் தனியாகப் போகிறாள். பல்கலைக்கழகச் சோதனை முடிந்ததும் பயணம். பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான் கிடக்கிறது. ஆனால் கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டின் சாப்பாட்டு மேசையை மருந்துகள் பிடித்துவிட்டன. ஊசிகள், மெல்லிய குழாய்கள், பற்றரிகள், ஒட்டும் பட்டைகள், கிளினிக்கில் வாங்கிய கடிதத்தின் பிரதிகள். நானும் கணவரும் ஆரணியும் சமையலறை மேடையில் கோப்பையை வைத்துச் சாப்பிடுகிறோம்.

ஆரணிக்கு ஒன்பது வயதில் சீனி வருத்தம் வந்தது. ஊரில் வயது போனவர்களுக்கு வருகிற, குளிசையாலும் பத்தியத்தாலும் சமாளிக்கிற வகை இல்லை இது. அவளுடைய உடம்பு இன்சுலினைச் சுரப்பதே இல்லை. அதனால் இடுப்பில் ஒரு சின்னக் கருவியைக் கொளுவியிருக்கிறாள். அதிலிருந்து நூல் போன்ற குழாய் வயிற்றுத் தோலுக்குள் போய், நாள் முழுவதும் துளித்துளியாக இன்சுலினை இறக்குகிறது. கருவிக்குள் இருக்கும் குப்பியை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பவேண்டும். கையில் ஒட்டியிருக்கும் இன்னொரு பொத்தான் சீனியின் அளவை அவளுடைய போனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இன்சுலின் நின்றுபோனால் சில மணித்தியாலங்களிலேயே இரத்தம் நஞ்சாகத் தொடங்கிவிடும்.

ஆகவே பயணத்துக்கு எங்களிடம் சில கண்டிப்பான பழக்கங்கள் உண்டு. தேவைக்கு இரண்டு மடங்கு இன்சுலின் எடுப்போம். பாதி அவளுடைய பையில், பாதி என்னுடைய கைப்பையில். விமானத்தின் அடியில் போகிற பெட்டிக்குள் ஒரு போத்தல்கூட வைக்கமாட்டோம். அங்கே குளிரில் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் செத்த இன்சுலின்தான். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் தண்ணீர் போலவே இருக்கும், வேலை செய்யாது.

போன வருடம் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துகொண்டுதான் கொழும்புக்குப் போனோம். அந்தப் பயணத்தில் நடந்ததையும், போன ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு தொலைபேசி அழைப்பையும் எழுதி வைக்கவேண்டும் போலிருக்கிறது.

2

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் மூத்த சகோதரி சறோ அக்காவுக்கு அறுபது வயது நிறைந்தது. கணவர் தவறிய பிறகு அவள் தனியாகத்தான் இருக்கிறாள். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ஆரணியும் புறப்பட்டோம்.

வளைகுடா நாடொன்றில் விமானம் மாறவேண்டியிருந்தது. அங்கே மறுபடியும் சோதனை. வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து நின்றது. ஆரணி எனக்கு முன்னால் போய், கருவியை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடக்கூடாது, கையால் சோதியுங்கள் என்று ஒரு காவலாளியிடம் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் என் கைப்பையை இன்னொருத்தி இழுத்து எடுத்துவிட்டாள். கையுறை போட்ட இளம் பெண். இன்சுலின் போத்தல்களைத் தூக்கிப் பார்த்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு மகளைக் கைகாட்டிச் சொன்னேன். மகளுக்குத்தான் இந்த மருந்து, அவளுடைய இடுப்பில் பம்ப் இருக்கிறது.

ஆங்கிலத்தின் P, B என்ற இரண்டு ஓசைகளும் தமிழ் வாய்க்கு ஒன்றுதான். எழுதினாலும் ஒரே எழுத்துத்தான். இத்தனை வருடம் கனடாவில் இருந்தும் என் உதடு அதைப் பிரித்துச் சொல்லப் பழகவில்லை. அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது வெடிகுண்டு.

அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். ஏன் மாறியது என்று எனக்கு விளங்குவதற்குள் அவள் பின்னால் நகர்ந்து, தோளில் இருந்த வோக்கிடோக்கியில் ஏதோ சொன்னாள். எங்களுக்குப் பின்னால் நின்ற சனத்தை வேறு வரிசைக்குத் திருப்பினார்கள். இரண்டு ஆண்கள் வந்து ஆரணியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். அவள் கையை மெதுவாகத் தூக்கிக் காட்டினாள். இருபது வயதுப் பெண். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அப்படிச் செய்தாள்.

பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். போத்தல்களை இரும்பு மேசையில் பரப்பினார்கள். தோளில் பட்டி வைத்த அதிகாரி ஒருவர், கருவியைக் கழற்றி இயந்திரத்துக்குள் விடச் சொன்னார். ஆரணி அசையவில்லை. கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"நான் மாட்டேன் என்று சொல்லவில்லை, சேர். இயந்திரத்துக்குள் விட்டால் இது பழுதாகிவிடும். கையால் எவ்வளவு நேரமும் சோதியுங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. 

ஒருவர் போத்தலின் இறப்பர் மூடியை நகத்தால் கிண்டிப் பார்த்தார். வெளியே எங்கள் விமானத்துக்கான அறிவிப்புக் கேட்டது. கடைசியில் விமான நிலைய மருத்துவர் வந்து கடிதத்தை வாசித்தார். வாசித்துவிட்டு அதிகாரியிடம் அரபு மொழியில் இரண்டு வசனம் சொன்னார். அவ்வளவுதான். விட்டுவிட்டார்கள். ஓடிப்போய்க் கதவு மூடுவதற்குச் சற்று முன்னர் ஏறினோம்.

இருக்கைப் பட்டியைக் கட்டிய பிறகு ஆரணி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, இனி எயார்போட்டில நீங்கள் கதைக்க வேண்டாம். ப்ளீஸ். நான் கதைக்கிறன்."

எனக்குக் கோபம் வரவில்லை. யுத்த நாட்களில் கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு மூச்சிழுப்பு. இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து எப்போதும் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நிற்கும். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அது என்ன என்று கேட்டால், அப்பா யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில் ஏதாவது சொல்லி அவனுடைய சந்தேகத்தைக் கூட்டிவிடுவார். பள்ளிக்கூடத்தில் சிங்களம் படித்தது நான்தான். "அப்பா, நீங்கள் பேசாமல் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு நான் முன்னால் போவேன். அப்பா உடனே வாயை மூடிக்கொள்வார். அப்போது அவருக்கு என் இப்போதைய வயதுகூட இல்லை.

"சரி" என்று ஆரணியிடம் சொன்னேன்.

3

சறோ அக்காவின் வீடு காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பொன்றின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். காலையில் போய் இறங்கினோம். அக்கா ஆரணியைக் கட்டிப்பிடித்து, விட்டுப் பார்த்து, மறுபடியும் கட்டிப்பிடித்தாள்.

"என்ர குஞ்சு, நல்லா மெலிஞ்சு போனாய். அங்க இவள் உனக்குச் சமைச்சுத் தாறேல்லையோ?"

ஆரணிக்குத் தமிழ் நன்றாக விளங்கும். பேசும்போது சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வைப்பாள். "அம்மா நல்லா சமைக்கிறவ, பெரியம்மா. நான்தான் குறைய சாப்பிடுறது" என்றாள். அக்கா அதைக் கேட்டு, பாட்டுக் கேட்டவள் போலச் சிரித்தாள்.

இரண்டு பைகளிலிருந்த இன்சுலினையும் ஒன்றாகச் சேர்த்து, பிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தோம். அந்த இடத்தில் இருந்த மோர்க் கிண்ணத்தையும் வெட்டிய பிலாப்பழத்தையும் அக்கா எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

"இது பிள்ளையின்ர உயிர்" என்று நான் சொன்னேன். "கவனம் அக்கா."

"எனக்குச் சொல்லவேணுமே? நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் போய்ப் படுங்கோ."

பயணக் களைப்பில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் அடித்துப் போட்டது போலத் தூங்கினோம். இடையில் ஒருமுறை விழித்தபோது மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே திரும்பவும் தூங்கிவிட்டேன். எழும்பும்போது விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா தேங்காய்ப்பால் விட்டு இடியப்பத்துக்குச் சொதி வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாக இருந்தது.

4

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆரணி ஒரு போத்தலை எடுத்துக் கருவியின் குப்பியை நிரப்பினாள். புட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் கூவியது. சீனி ஏறுகிறது என்ற எச்சரிக்கை. புட்டின் அளவைக் குறைத்துக் கணக்குப் பார்த்திருப்பேன் என்று சொல்லி, கருவியில் இன்னும் கொஞ்சம் இன்சுலினைக் கூட்டினாள்.

அது கூவிக்கொண்டே இருந்தது.

குழாய் மடிந்திருக்கும் என்று நினைத்து, வயிற்றிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு மறுபக்கத்தில் புதிதாகக் குத்தினாள். சீனி இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாள். திரும்பத் திரும்பக் குடித்தாள். உதடு வெளிறிக் காய்ந்துபோனது. குளியலறையிலிருந்து வந்தபோது கையில் ஒரு சோதனைப் பட்டை இருந்தது. அதன் நிறம் மாறியிருந்தது. இரத்தம் நஞ்சாகத் தொடங்குகிறது என்பதற்கு அடையாளம்.

"என்ன பிள்ளை, இப்ப செய்த ரொட்டியும் அப்படியே கிடக்குது?" என்று அக்கா குசினியிலிருந்து கேட்டாள்.

"பிறகு சாப்பிடுறன் பெரியம்மா."

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். புதுப் போத்தல் ஒன்றைப் பிரித்து, ஊசியில் இழுத்து, நேரடியாகத் தொடையில் போட்டாள். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் இருந்தோம். வழக்கமாக இறங்கத் தொடங்கும் நேரம் வந்தது, கடந்தது. எண் மேலே போனது.

"அம்மா, இன்சுலின் வேலை செய்யேல்லை." அவள் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தெளிவாக இருக்கவேண்டிய தண்ணீருக்குள் பொடிப்பொடியாக ஏதோ மிதந்தது. இன்னொன்றைப் பிடித்தாள். அதிலும் அப்படித்தான். "எல்லாம் செத்திட்டுது. ஹவ்? எப்பிடி எல்லாம் ஒண்டா?"

 அந்த இரும்பு மேசையா? மூடியைக் கிண்டியவரா? ஆனால் அவர் தொட்டது ஒரே ஒரு போத்தலைத்தான்.

அப்போது அக்கா ஒரு குவளை இளநீரோடு கதவைத் திறந்து வந்தாள். எங்கள் முகத்தையும் கட்டிலில் பரவிக் கிடந்த போத்தல்களையும் பார்த்தாள்.

"மருந்துக்கு என்ன?"

"பழுதாப் போச்சு அக்கா" என்றேன்.

"பழுதாக நியாயமில்லையே" என்று அக்கா சொன்னாள். "நேற்றைக்குக் கரண்ட் போனோடன நான் ஓடிப்போய் எல்லாத்தையும் மேல ஐஸ் பெட்டியில வச்சனான். கீழ கெதியாச் சூடாகிப் போகும், ஐஸ் பெட்டியெண்டா நிக்கும். பின்னேரம் விளக்கு ஏத்தேக்கதான் நினைவு வந்து திரும்பக் கீழ வச்சனான். கல்லு மாதிரி நல்லாக் குளிர்ந்திருந்தது. அப்ப எப்பிடிப் பழுதாகும்?"

 நான் அக்காவைப் பார்க்கவில்லை. ஆரணியைத்தான் பார்த்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள்.

"ஓம் பெரியம்மா" என்றாள். சொற்களைத் தேடி, ஒவ்வொன்றாக வைத்தாள். "நீங்கள் செய்தது நல்லது. இது பிளேன்ல பழுதானது. சீற்றுக்குக் கீழ வச்சனாங்கள். அங்க சரியான குளிர்."

நான் வாயைத் திறந்தேன். "அம்மா, டோன்ட்" என்றாள் ஆரணி, அக்காவுக்குக் கேட்காத குரலில்.

"அந்தப் பிளேன்காரர் நாசமாப் போக" என்றாள் அக்கா. இளநீர்க் குவளையை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, ஆரணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "பிள்ளை அனலாய்க் கொதிக்குது. எழும்புங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

5

வழியில் காலி வீதியில் ஒரு பாமசியில் ஓட்டோவை நிறுத்தி இறங்கினேன். கனடா டொக்டர் எழுதிய மருந்துத் துண்டைப் பார்த்த பையன், இங்குள்ள டொக்டரின் துண்டு வேண்டும் என்றான். இந்தக் கருவிக்குப் பாவிக்கிற வேகமான இன்சுலின் அவனிடம் இருக்கவும் இல்லை. இருந்தது கலவை இன்சுலின். அதைக் கருவிக்குள் விடமுடியாது. திரும்பி ஓட்டோவுக்கு ஓடினேன். ஆரணி அக்காவின் தோளில் சாய்ந்திருந்தாள். மூச்சு நீளமாக வாங்கியது.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் கடமையில் இருந்தவர் இளம் டொக்டர், தமிழ்ப் பிள்ளை. கட்டிலில் கிடத்திவிட்டுக் கேட்டார்.

"கடைசியாப் பாத்த சீனி எவ்வளவு?"

"இருபத்தொண்டு" என்றாள் ஆரணி.

டொக்டர் திடுக்கிட்டுத் தாதியிடம் திரும்பினார். "குளுக்கோஸ் எடுங்கோ, கெதியா." இலங்கைக் கணக்கில் இருபத்தொன்று என்றால் சீனி அடியோடு இறங்கி, ஆள் மயங்கிக் கிடக்கவேண்டிய அளவு. அது எனக்கு அப்போது தெரியாது. அவர் ஏன் பதறுகிறார் என்றே விளங்கவில்லை.

ஆரணி தலையைத் தூக்கினாள். "இல்லை டொக்டர். கனடா அளவு. பதினெட்டால பெருக்குங்கோ. எனக்குச் சீனி கூட. குறைவில்லை."

டொக்டரின் கை நின்றது. விரலில் குத்தித் தானே சோதித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மூச்சை விட்டார். "நல்லகாலம், நீர் கதைக்கிற நிலையில இருந்தனீர்" என்றார்.

சேலைன் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த சாதாரண இன்சுலினைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு இது காப்பாற்றும், ஆனால் கருவியைத் திரும்ப ஓட்ட அந்த வேகமான வகைதான் வேண்டும், எங்கள் மருந்தகத்தில் முடிந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். தாதி இரண்டு மூன்று இடங்களுக்கு போன் போட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் கொஞ்சம் இருந்தது. ஞாயிறு என்பதால் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், உடனே வாருங்கள் என்றார்களாம்.

"நீ போ" என்றாள் அக்கா. "நான் பிள்ளையோட இருக்கிறன்."

மகளை அப்படி விட்டுவிட்டு வாசலைத் தாண்ட என் கால் மறுத்தது. டொக்டர் எழுதித் தந்த துண்டையும், அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சுடுதண்ணிப் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஓட்டோக்காரர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். புறப்படும்போதே நிலைமையைச் சொன்னேன்.

"மேடம், காலி ரோட்டால போனா மாட்டிக்கொள்ளுவோம். கடற்கரை ரோட்டால இழுக்கிறேன். நீங்க அந்தக் கடைக்குக் கோல் எடுத்து வாறோம்னு மட்டும் சொல்லி வைங்க" என்றார்.

கடல் இடது பக்கம் பளபளத்துக்கொண்டு வந்தது. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்களின் கூட்டம் வீதிக்கு வழிந்தது. கோட்டையைத் தாண்டியதும் ஒரு லொறி குறுக்கே நின்று வழியை அடைத்தது. நான் கடைக்கு போன் எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை. ஓட்டோக்காரர் இறங்கிப் போய் லொறிச் சாரதியுடன் சிங்களத்தில் கதைத்தார். திரும்பி வந்து வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார்.

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் நுழைந்தபோது நான் வளர்ந்த இடங்கள் இரண்டு பக்கமும் ஓடின. எதையும் பார்க்க மனமில்லை. பாமசியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். கல்லாவில் ஒரு சிங்களப் பெண், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ், மே பெஹெத்த தியெனவத?" என்று துண்டை நீட்டினேன். இந்த மருந்து இருக்கிறதா என்று கேட்க எனக்கு மிஞ்சியிருந்த சிங்களம் அவ்வளவுதான். அதற்கு மேல் வந்ததெல்லாம் ஆங்கிலமும் அழுகையும்.

அவள் துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் நான்கு போத்தல்களைக் கொண்டுவந்தாள். நான் கொண்டுபோயிருந்த பிளாஸ்கின் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதற்குள் ஐஸ் துண்டுகளைப் போட்டாள். இன்சுலினைத் துணியில் சுற்றி, ஐஸ் நேராகப் படாமல் இடையில் மடித்த கடதாசியை வைத்தாள். ஐஸில் பட்டால் பழுதாகிவிடும் என்று எனக்குக் கையால் காட்டினாள். தலையாட்டினேன். அதை அறியாதவர் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருவர்தான், அவரிடம் சொல்ல எங்களால் முடியவில்லை என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஆரணியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. சீனி இறங்கத் தொடங்கிவிட்டது என்று தாதி சொன்னாள். அக்கா கட்டில் ஓரத்தில் இருந்து ஆரணியின் பாதங்களை மடியில் வைத்து உருவிக்கொண்டே, தாதியிடம் விமானக் கம்பனியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு காசு வாங்கிறாங்கள் மிஸ். ஒரு பிள்ளையின்ர மருந்தைப் பத்திரமாக் கொண்டுவரத் தெரியாதே?"

ஆரணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு மறுபடியும் அழுகை வந்தது.

அடுத்த நாள் வீட்டுக்கு வந்தோம். புது இன்சுலினை ஆரணி தன் அறையிலேயே, ஈரத்தில் குளிரும் உறைக்குள் வைத்துக்கொண்டாள். டொக்டர் அப்படித்தான் சொன்னவர் என்று அக்காவுக்கு இன்னொரு பொய். அன்றிரவே நான் அவளிடம் சொன்னேன், பெரியம்மாவுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று.

"சொன்னால் அவ தாங்கமாட்டா அம்மா. நாங்கள் போன பிறகு அவ இந்த வீட்டில தனிய இருக்கப்போறா. அந்த நினைப்போட தனிய."

 நானும் அக்காவிடம் சொல்லவில்லை.

6

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம் போலக் கூப்பிட்டாள். நான் சமைத்துக்கொண்டிருந்ததால் போனை ஒலிபெருக்கியில் விட்டிருந்தேன். ஆரணி மேசையில் பட்டைகளை எண்ணி உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். மீன் விலை, மழை, ஆரணிக்கு என்ன சமைத்து வைப்பது என்று பேச்சு ஓடியது.

"மேல் வீட்டு ராணி ரீச்சரின்ர மனுசனுக்கும் இப்ப இன்சுலின் தொடங்கியாச்சு" என்றாள் அக்கா. "ஆனா பார், ஊசி போட்டும் சீனி குறையுதில்லையாம். டொக்டர் ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டிக்கொண்டு போறாராம். நான்தான் சொல்லிக் குடுத்தனான், மருந்தை ஐஸ் பெட்டியில வையுங்கோ, எங்கட ஆரணிக்கு நான் அப்பிடித்தான் வச்சுக் காப்பாத்தினனான் எண்டு. அவையும் வாங்கின நாளில இருந்து அங்கதான் வைக்கினம், இளகவிட்டுத்தான் போடுறவை."

என் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. ஆரணி எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒலிபெருக்கியை நிறுத்தவில்லை.

"பெரியம்மா. நான் ஆரணி. ஒண்டு சொல்லவேணும். நீங்கள் கோவிக்கக்கூடாது."

"உன்னோட நான் ஏன் கோவிக்கிறன்?"

"ஐஸ் பெட்டியில வைக்கக்கூடாது. ஐஸ் பட்டால் இன்சுலின் செத்துப்போகும். போன வருசம்..." அவள் சொல் தேடினாள். கிடைக்கவில்லை. மறுபடியும் தேடினாள். "போன வருசம் பிளேன்ல பழுதாகேல்லை, பெரியம்மா. ஐஸ் பெட்டியில பழுதானது. நான் பொய் சொன்னனான்."

அந்தப் பக்கம் ஒரு ரயில் போவது கேட்டது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"பெரியம்மா, கேக்கிறீங்களா? அந்த அங்கிளுக்கு உடன சொல்லுங்கோ. அந்த மருந்தை எறியச் சொல்லுங்கோ. புது மருந்து வாங்கினால், இப்ப கூட்டின அளவைப் போடக்கூடாது. அது வேலை செய்யும். சீனி ஒரேயடியா விழுந்துபோகும். மயங்கிடுவார். முதல்ல டொக்டரிட்ட கேக்கவேணும். இப்பவே போங்கோ. ப்ளீஸ்."

போன் வைக்கப்படவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. படிகளில் அக்காவின் மூச்சு வாங்கியது. பிறகு கதவொன்றைப் பலமாகத் தட்டும் சத்தம்.

"ராணி ரீச்சர், கதவைத் திறவுங்கோ. நான் சறோ. அந்த மருந்தைத் தொடாதேங்கோ. நான் சொன்னது பிழை."

நாங்கள் இருவரும் ஸ்காபரோவில் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே பேச்சுக் குரல்கள் கலந்து கேட்டன. அக்கா ஆரணி சொன்ன ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை. ரீச்சர் டொக்டருக்கு போன் எடுப்பது கேட்டது. காலையூசி இன்னும் போடவில்லை, சாப்பிடுவதற்கு முன்னால் போட இருந்தேன் என்று ஒரு ஆண் குரல் சொன்னது.

நெடுநேரத்துக்குப் பிறகு அக்கா தன் வீட்டுக்கு இறங்கி வந்தாள். கதிரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"ஆரணி."

"ஓம் பெரியம்மா."

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் அந்தப் பிளேன்காரரைத் திட்டேக்க நீ சிரிச்சுக்கொண்டு கிடந்தனி."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அழுவீங்கள் எண்டு."

அக்கா அழுதாள். அடக்கவில்லை. ஆரணி போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அடுப்பை அணைத்தேன். அழுது முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு அக்கா பேசினாள்.

"நான் உன்னைக் கொல்லப் பாத்திருக்கிறன்."

"இல்லை பெரியம்மா. நீங்கள் காப்பாத்தப் பாத்தனீங்கள். அதுதான் நான் சொல்லேல்லை."

"இனி எனக்குப் பொய் சொல்லாதை. பிழையெண்டால் பிழையெண்டு சொல்லு. அழுதுபோட்டு எழும்பி வருவன். விளங்குதோ?"

"விளங்குது."

"சரி. இந்தமுறை வரேக்க எங்க வைக்கவேணும்? வடிவாச் சொல்லு."

"நடுத்தட்டில. பின்னால இருக்கிற சுவரில முட்டாமல். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டாச் சரி."

பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஆரணி போவதற்கு இன்னும் நாட்கள் கிடக்கின்றன. கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின.

"நில்லு" என்றாள் அக்கா. "இதில மீன்குழம்புச் சட்டி நிக்குது. எடுத்து வைக்கிறன்."